மூன்று நாள் உயிரோடு இருந்த ராடிகல்

அந்த ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒரு வினை நடந்து முடிய ஐந்து மைக்ரோ செகண்டு போதும். அதாவது ஒரு செகண்டைப் பத்து லட்சமாக நறுக்கி, அதில் ஐந்து துண்டு. அந்த வினையைப் பார்க்க விரும்புகிறவர் விண்ணப்பம் எழுதி, அது மேலே போய், கீழே வந்து, மறுபடி மேலே போய், கடைசியில் அவர் இயந்திரத்தின் முன்னால் போய் நிற்பதற்குப் பதினான்கு மாதம் ஆகும். இந்த இரண்டு வேகங்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு எட்டு வருஷமாக ஒரு பெண் வேலை பார்த்தாள். மைக்ரோ அக்கா என்றால் வாசல் காவலாளி முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் தெரியும். ஆள் ஒன்றும் மைக்ரோ இல்லை, நல்ல வாட்டசாட்டம்தான். வாயைத் திறந்தால் மைக்ரோ செகண்டு என்பாள், அதனால் வந்த பெயர்.

அவள் வேலையைச் சொல்லிவிடுகிறேன், பெரிய வித்தை இல்லை. சுத்தமான தண்ணீரை விரல் நீளமுள்ள ஒரு சதுரப் பாத்திரத்தில் ஊற்ற வேண்டும். அந்தப் பாத்திரத்துக்குச் செல் என்று பெயர். பக்கத்து அறையில் ஒரு பெரிய இயந்திரம் எலக்ட்ரான்களுக்கு வேகம் ஏற்றி, அந்தத் தண்ணீரை ஒரே ஒரு கணம் ஓங்கி அடிக்கும். அடி வாங்கிய தண்ணீர் உடைந்து ராடிகல்கள் பிறக்கும். பள்ளிப் புத்தகத்தில் தனியுறுப்பு என்று போட்டிருப்பார்கள். ஜோடி இல்லாத எலக்ட்ரானைக் கையில் வைத்துக்கொண்டு அலைகிற துண்டுகள். பிறந்த வேகத்தில் எதையாவது கட்டிக்கொண்டு செத்துப்போவதுதான் அவற்றின் சுபாவம். செல்லின் குறுக்கே ஒரு விளக்கொளியைப் பாய்ச்சிவைத்தால், ராடிகல் உயிரோடு இருக்கும்வரை ஒளி கொஞ்சம் குறையும், செத்ததும் பழையபடி ஏறும். திரையில் ஒரு பள்ளம், பிறகு ஒரு சரிவு. சரிவைப் பார்த்தால் எவ்வளவு வேகத்தில் செத்தது என்று தெரிந்துவிடும்.

எட்டு வருஷமாக ஒரே ஒரு வினையை அவள் பத்து டிகிரியில், இருபது டிகிரியில், முப்பதில் என்று அளந்துகொண்டு வந்தாள். புள்ளிகள் எல்லாம் ஒரே கோட்டில் உட்கார்ந்தன. எழுபது டிகிரியில் மட்டும் புள்ளி இல்லை. போன தடவை எழுபதுக்கு வந்தபோது மின்சாரம் போயிற்று. அந்த ஒரு புள்ளி இல்லாமல் கட்டுரையை வாங்க மாட்டோம் என்று ஆய்விதழ்க்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அதற்கு வேண்டியது இருபது நிமிஷம். இயந்திரமோ அடுத்த மாதக் கடைசியில் புனரமைப்புக்காக மூடப்படுகிறது. போன புனரமைப்பு ஆறு வருஷம் நடந்தது. இன்னொரு ஆறு வருஷம் போனால் மைக்ரோ அக்கா ஓய்வு பெற்று வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பாள்.

எனவே பதினான்கு மாத வரிசையில் நிற்காமல் அவசர விண்ணப்பம் போட்டாள். நேர ஒதுக்கீட்டுக் குழுவின் செயலாளர் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் அவளுடைய பதினோரு பக்க விண்ணப்பம். பக்கத்தில் ஒரு சிவப்புப் பேனா.

"உக்காருங்க மேடம். 'வினை நடைபெறும் காலம்'னு ஒரு கட்டம் இருக்கு. அதுல ஐந்து மைக்ரோ செகண்டுன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா சார். அவ்வளவுதான் ஆகும்."

"அப்புறம் இருபது நிமிஷம் எதுக்கு?"

"ஒரு அடியில வர்றது வெறும் இரைச்சல் சார். அறுநூறு தடவை அடிச்சு சராசரி எடுத்தாத்தான் கோடு தெரியும். ரெண்டு செகண்டுக்கு ஒரு அடி. கணக்கு சரியா வரும்."

"அதாவது ஒரே காரியத்தை அறுநூறு தடவை பண்ணுவீங்க."

"ஆமா சார்."

"முதல் தடவையே ஒழுங்கா பண்ணிட்டா என்ன?"

செயலாளர் இரக்கத்தோடு சிரித்தார். "பாருங்க மேடம், நான் இந்த நாற்காலிக்கு வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. தேவைக்கு மேல ஒருத்தருக்கும் ஒரு நிமிஷம் குடுத்ததில்ல. சில பேருக்குத் தேவைக்கே குடுத்ததில்ல. அந்தப் பேரைக் கெடுத்துக்க மாட்டேன்."

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை 11 மணி 10 நிமிடம் முதல் 11 மணி 10 நிமிடம் வரை இயந்திரம் அவளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. நேரத்தை வீணாக்கக் கூடாது என்று கீழே ஒரு குறிப்பு வேறு.

தண்ணீர் வாங்கப் பொருட்கிடங்குக்குப் போனாள். மும்முறை வடித்த தண்ணீர் வேண்டும் என்றால் 'உள்ளடக்கம்' என்ற இடத்தில் பாட்டிலில் என்னென்ன கலந்திருக்கிறது என்று எழுத வேண்டும். ஒன்றுமில்லை என்று எழுதினாள். ஒன்றுமில்லாத பொருளைக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை என்றார் கிடங்குக்காரர். ஏதாவது ஒன்று இருப்பதாக எழுதுங்கள் என்றார். அப்படி இருந்தால் சோதனையே கெட்டுவிடும் என்று அவள் சொல்ல, "எழுதறதுதானே மேடம், நிஜமாவா போடச் சொல்றேன்?" என்றார். 'தண்ணீர்' என்று எழுதினாள். அது ஏற்கப்பட்டது.

செவ்வாய்க்கிழமை வாசல் பதிவேட்டில் உள்ளே வந்த நேரமும் வெளியே போன நேரமும் ஒன்றாக இருக்கக் கூடாது என்று காவலாளி தகராறு செய்தார். "அப்படி எழுதினா நீங்க வரவே இல்லன்னு அர்த்தம் ஆயிடும் மேடம்." வாக்குவாதத்தில் 11.09 ஆயிற்று. ஓடினாள். இயந்திரத்தின் ஆபரேட்டர் நல்ல மனுஷர், முப்பது வருஷமாக அதைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்கிறவர். 11.10க்கு ஒரே ஒரு அடி அடித்துக் கொடுத்தார். திரையில் கோழி கிளறிய மண் மாதிரி ஒரு படம் வந்தது. அதற்குள் அடுத்தவர் வந்து கதவருகே நின்றார். அந்த அடுத்தவர்தான் மாப்பிள்ளை.

தினமும் கல்யாணத்துக்குக் கிளம்பியவன் மாதிரி உடுத்திக்கொண்டு வருவதால் அவனுக்கு அந்தப் பெயர். வயது முப்பத்தொன்று. கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவன், சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது, செல்லைக் கையில் தொடுவது இதுவே முதல் தடவை. அவனும் அவசரம் என்று போட்ட விண்ணப்பத்தில், 'வினை நடைபெறும் காலம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் மூன்று நாள் என்று போட்டானாம். மூன்று நாள் கொடுத்துவிட்டார்கள்.

மூன்று நாள்! அவளுக்கு வயிறு எரிந்தது. ஆதங்கம், மனவருத்தம் என்று கௌரவமான பெயர்கள் இருக்கின்றன. எதையும் வைக்க எனக்கு மனமில்லை. அது பச்சைப் பொறாமை. ஜன்னல் வைத்த அறையை அவனுக்குக் கொடுத்தபோது முளைத்து, இயக்குநர் அவன் தோளில் கை போட்டு நடந்தபோது தழைத்து, இப்போது காய்க்கத் தொடங்கியிருந்தது. அவனோ அவளைப் பார்த்த இடத்திலெல்லாம் "அக்கா, அக்கா" என்று எழுந்து நின்றான். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்டவனாக இருந்தாலாவது நிம்மதியாகத் திட்டலாம்.

மூன்றாம் நாள் கட்டடமே அமளிப்பட்டது. மாப்பிள்ளை ஒரு ராடிகலைப் பிடித்துவிட்டானாம். மைக்ரோ செகண்டில் சாகவில்லையாம். நேற்று அடித்தது இன்றும் அப்படியே இருக்கிறதாம். விளக்கொளி குறைந்தது குறைந்தபடி நிற்கிறதாம். இயக்குநர் காலணியைச் சரியாகக்கூட மாட்டாமல் இறங்கி வந்தார்.

"தம்பி, நான் இந்த அறைக்கு எட்டு தடவை வந்திருக்கேன்," என்றார். "எட்டு தடவையும் நான் கதவைத் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிருச்சு சார்னு சொன்னாங்க. ஒரு இயக்குநர் வர்ற வரைக்கும் இருக்கணும்ங்கற மரியாதை ஒரு ராடிகலுக்கும் இருந்ததில்ல. இதுக்கு இருக்கு. இதுதான் நம்ம நிறுவனத்துக்குத் தகுந்த வினை."

மைக்ரோ அக்காவும் பார்க்கப் போனாள். வாழ்த்தச் சொல்லி மனசைத் தயார்படுத்திக்கொண்டுதான் போனாள். செல் ஒரு தாங்கியில் நின்றது. உள்ளே தண்ணீர், இளம் பழுப்பு நிறம். குனிந்து பார்த்தாள். பழுப்பு தண்ணீரில் இல்லை. பாத்திரத்தின் சுவரில் இருந்தது.

இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் முதல் வாரத்தில் கற்றுக்கொள்கிற பாடம் ஒன்று உண்டு. செல் குவார்ட்ஸில் இருக்க வேண்டும். குவார்ட்ஸ் எத்தனை அடி வாங்கினாலும் தெளிவாக நிற்கும். சாதாரணக் கண்ணாடி கதிர்பட்டால் பழுப்பேறி, விளக்கொளியைத் தானே குடித்துவிடும். இரண்டும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். கிடங்கில் இரண்டையும் 'ஒளி ஊடுருவும் சதுரப் பாத்திரம், சிறியது' என்று ஒரே இழுப்பறையில் போட்டுவைத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கண்ணாடி வந்திருக்கிறது. அவன் பிடித்தது ராடிகல் இல்லை, பாத்திரத்தின் கறை.

தண்ணீரைக் கொட்டிவிட்டு வெறும் பாத்திரத்தைப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். "தம்பி" என்று அவள் வாயைத் திறந்தாள்.

"சொல்லுங்கக்கா," என்றான் அவன். அவள் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தானோ, குரலைத் தாழ்த்தி, "உங்க வேலையும் முக்கியமானதுதான்க்கா. எல்லாரும் மறந்துட்டாங்கன்னு நினைக்காதீங்க" என்றான்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். இரக்கம்! ஆறு மாதப் பயல் எட்டு வருஷத்தைப் பார்த்து இரக்கப்படுகிறான். சரி, ஏறு தம்பி என்று மனசுக்குள் சொன்னாள். முதல் படியில் இருந்து விழுந்தால் யாருக்கும் சத்தம் கேட்காது. மாடிக்குப் போ. நான் கீழே நின்று பார்க்கிறேன்.

மறுநாள் காலை, பல் டாக்டரான அவள் கணவர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவள் தாடையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"பல்லைக் கடிக்கற. கடைவாய்ப் பல்லு ரெண்டும் தேஞ்சிருக்கு. என்ன விஷயம்?"

சொன்னாள். கடைசிவரைக்கும் கேட்டார்.

"அந்தப் பையன்கிட்ட சொல்லிட வேண்டியதுதானே? தப்புன்னு தெரிஞ்சா, இயந்திரத்தை மூடறதுக்குள்ள மிச்சம் இருக்கற நாள்ல உனக்கும் நேரம் குடுத்துடுவாங்க. உனக்கு வேண்டியது இருபது நிமிஷம்தான?"

"சொல்றேன். இன்னும் கொஞ்சம் மேல போகட்டும்."

"உனக்கு இருபது நிமிஷம் வேணுமா, அவன் விழணுமா?"

"ரெண்டும் வேணும்," என்றாள். கோப்பையைக் கழுவப் போய்விட்டாள்.

அடுத்த வாரத்தில் நிறுவனம் அந்த ராடிகலுக்காக மூன்று குழுக்கள் அமைத்தது. பாதுகாப்புக் குழு, பெயர் சூட்டும் குழு, மூன்றாவது குழு என்னவென்று அதன் உறுப்பினர்களுக்கே தெரியாது. பாதுகாப்புக் குழு முதல் கூட்டத்திலேயே ஒரு விதி போட்டது. குழுவின் எழுத்துமூல அனுமதியின்றி செல்லில் உள்ள தண்ணீரைக் கொட்டவோ மாற்றவோ கூடாது. யாராவது செய்து பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்களே என்று அவள் பயந்த ஒரே சோதனையை நிறுவனமே சட்டம் போட்டுத் தடுத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. நெடுநாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

செல்லைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வெல்வெட் துணியில் வைத்தார்கள். ஒரு காவலாளி மணிக்கொரு தரம் பார்த்துப் பதிவேட்டில் 'உயிரோடு இருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூன்று நாளுக்கொரு தரம் பழுப்பு மங்கும். உடனே பெட்டியோடு தூக்கிக்கொண்டு ஓடி இயந்திரத்தில் வைத்து அடித்துக் கறையை ஏற்றிக்கொண்டு வருவார்கள். அதற்குப் புதுப்பித்தல் என்று பெயர். மாதக் கடைசி வரைக்கும் இயந்திரத்தின் நேரம் முழுவதும் புதுப்பித்தலுக்கு என்று ஒதுக்கப்பட்டது. மைக்ரோ அக்கா மறுபடி போட்ட விண்ணப்பம், 'ஏற்கெனவே நேரம் வழங்கப்பட்டு முழுமையாகப் பயன்படுத்தப்பட்டுள்ளது' என்ற குறிப்போடு திரும்பி வந்தது.

அவள் அசரவில்லை. பொறாமைக்காரர்கள் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தாள். அவனைப் புகழ்ந்தாள். சிறந்த இளம் விஞ்ஞானி விருதுக்கு அவன் பெயரை அவளே முன்மொழிந்தாள். இரண்டு பக்கம் எழுதினாள், 'நிலைத்த' என்ற சொல்லை ஏழு இடத்தில் போட்டாள். அவனுடைய கட்டுரையின் தமிழைத் திருத்திக் கொடுத்தாள். ஒவ்வொரு தடவையும் பேனாவை மூடும்போது இன்னும் ஒரு படி என்று நினைத்துக்கொண்டாள். அவன் அவள் அறை வாசலில் இரண்டு மூன்று தடவை வந்து நின்றதைக் கவனித்தாள். பெருமையடிக்க வந்திருப்பான் என்று தலை நிமிராமல் எழுதினாள். நின்றுவிட்டுப் போனான்.

இருபதாம் நாள் காவலாளியின் பதிவேட்டில் ஒரு புதிய வரி இருந்தது. 'தண்ணீரைக் காணவில்லை. ராடிகல் உயிரோடு இருக்கிறது.'

மூடி சரியாகப் பொருந்தாத செல்லில் இருந்து தண்ணீர் ஆவியாகிப் போயிருந்தது. இப்போது பிடிபட்டுவிடும் என்று மைக்ரோ அக்கா நினைத்தாள். சரியான உயரம் வரவில்லையே என்று கவலைகூடப் பட்டாள். கவலையே வேண்டியிருக்கவில்லை. மதியத்துக்குள் இயக்குநர் எல்லோரையும் கூட்டி அறிவித்தார்.

"நண்பர்களே, தண்ணீர்ல நடக்கற வினையை உலகத்துல பல பேர் பாத்திருக்காங்க. தண்ணீரே இல்லாம நடக்கற நீர்வினையை நாமதான் முதல்ல பாத்திருக்கோம். முப்பது வருஷமா இந்த நிறுவனம் தண்ணீரை நம்பி இருந்தது. இன்னிக்கு அந்த அடிமைத்தனம் ஒழிஞ்சது."

கை தட்டினார்கள். மைக்ரோ அக்காவும் தட்டினாள், எல்லோரையும்விட ஒரு தட்டு கூடுதலாக. மாப்பிள்ளை மட்டும் தட்டவில்லை, வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தான்.

பாராட்டு விழாவை மாதக் கடைசி நாள் பிற்பகல் வைத்தார்கள். மாலை ஐந்து மணிக்கு இயந்திரம் மூடப்படும், நாலரைக்குக் கடைசிப் புதுப்பித்தல், அதைச் சிறப்பு விருந்தினர் நேரில் பார்வையிடுவார். சிறப்பு விருந்தினர் மேலிடத்தில் இருந்து வருகிறவர், எந்த மேலிடம் என்று அழைப்பிதழில் போடவில்லை. வாழ்த்துரை வழங்க ஆள் தேடியபோது இவ்வளவு புகழ்ந்து எழுதியவரை விட்டால் வேறு யார் என்று மைக்ரோ அக்காவையே போட்டார்கள். அவள் எதிர்பார்த்ததும் அதைத்தான். அன்று காலை நல்ல உடையாகத் தேடி எடுத்து உடுத்தினாள். கணவர் அவள் தாடையை ஒரு தடவை பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

அரங்கம் நிறைந்திருந்தது. மேஜை நடுவில் வெல்வெட்டில் செல், அதன்மேல் ஒரு தனி விளக்கு. நேர ஒதுக்கீட்டுக் குழுச் செயலாளர் முதலில் பேசினார். "இந்த ராடிகலுக்கு நான் நேரம் ஒதுக்கினேன். அது எனக்கு நேரம் ஒதுக்கிச்சு. இப்படிப் பரஸ்பர மரியாதை தெரிஞ்ச விஞ்ஞானம் வேணும்," என்றார். சிறப்பு விருந்தினர், தமக்கு வேதியியல் தெரியாது என்றும், தெரியாததால்தான் நடுநிலையோடு பாராட்ட முடிகிறது என்றும் சொன்னார்.

மைக்ரோ அக்கா எழுந்தாள். நேராக மேஜைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து செல்லைக் கையில் எடுத்தாள். பாதுகாப்புக் குழுவில் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். அவள் அதைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். ஒன்றும் விழவில்லை. கைக்குட்டையின் நுனியை முறுக்கி உள்ளே விட்டுத் துடைத்து, வெள்ளைத் துணியை எல்லோருக்கும் காட்டினாள்.

"உள்ள ஒண்ணுமே இல்ல. ராடிகலும் இல்ல, தண்ணியும் இல்ல. இது குவார்ட்ஸ் செல்லே இல்ல, சாதாரணக் கண்ணாடி. கதிர் பட்டா கண்ணாடி பழுப்பாகும். உங்க வீட்டு டம்ளரைக் கொண்டுவந்து வெச்சிருந்தாலும் இதே கண்டுபிடிப்புதான் வந்திருக்கும்."

எட்டு வருஷத்தில் இப்படி ஒரு சுகத்தை அவள் அனுபவித்ததில்லை. மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

மேடையில் இயக்குநர் செயலாளர் பக்கம் சாய்ந்தார். செயலாளர் விருந்தினர் பக்கம் சாய்ந்தார். மறுபடி எல்லோரும் நிமிர்ந்தார்கள். இயக்குநர் ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினார். குரலில் ஒரு துளி தடுமாற்றம் இல்லை.

"நம்ம மூத்த விஞ்ஞானி இப்ப அறிவிச்சது இந்த நிறுவனத்தோட மூணாவது கண்டுபிடிப்பு. தண்ணீர்ல இருந்து ஆரம்பிச்சோம். தண்ணீரைத் துறந்தோம். இன்னிக்குக் கண்ணாடிக்கு வந்து சேர்ந்திருக்கோம். மேடம் ரொம்ப அழகா சொன்னாங்க, ஒவ்வொரு வீட்டு டம்ளர்லயும் நம்ம விஞ்ஞானம் இருக்குன்னு! நாளையில இருந்து கண்ணாடி ஆய்வுத் துறைன்னு ஒரு புதுத் துறை தொடங்கறோம். அதுக்குத் தலைவரா இருக்க, கண்ணாடியில இருபது நாளுக்கு மேல அனுபவம் உள்ள ஒரே ஆளு நம்ம தம்பிதான்."

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. அவள் கையில் செல்லோடு நின்றாள். கவிழ்த்துக் கொட்ட வேண்டியதைச் சரியாகத்தான் கவிழ்த்தாள், ஆனால் அவன் கீழே விழவில்லை, இன்னும் ஒரு மாடி ஏறி நிற்கிறான். துறைத் தலைவர்! அவளுக்கு ஐம்பத்து நான்கு வயதில் வராத நாற்காலி.

கூட்டம் தேநீருக்குக் கலைந்தபோது அவன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். கண்ணில் தண்ணீர்.

"அக்கா, காப்பாத்திட்டீங்க. ஏதோ தப்புன்னு எனக்குத் தோணிட்டே இருந்துச்சு. தூக்கமே இல்ல. என்ன தப்புன்னு தெரியல. உங்ககிட்ட கேக்கலாம்னு மூணு தடவை உங்க அறை வரைக்கும் வந்தேன். நீங்க என்னைப் பாராட்டி எழுதிட்டு இருந்தீங்க. எப்படிக் கேக்கறதுன்னு திரும்பிப் போயிட்டேன்."

"கோபம் இல்லியா?" என்றாள்.

"உங்க மேலயா? எதுக்குக்கா?"

அவள் அவன் முகத்தை அங்குலம் அங்குலமாகத் தேடினாள். நடிப்பு இல்லை. அவன் நல்லவன்தான் என்பது அவளுக்கு அப்போது முழுதாகப் புரிந்தது, மன்னிக்கவும் முடியவில்லை. அதற்குள் யாரோ வந்து புதுத் துறைத் தலைவரைப் படம் எடுக்க அழைத்துக்கொண்டு போனார்கள்.

தாழ்வாரத்தில் ஆபரேட்டர் அவளைத் தேடிக்கொண்டு வேகமாக வந்தார்.

"மேடம், நாலரைக்குப் புதுப்பித்தல்னு இயந்திரத்தைச் சூடாக்கி வெச்சேன். இனிமே கண்ணாடியைப் புதுப்பிக்க வேணாம்னுட்டாங்க. ஐஞ்சு மணி வரைக்கும் சும்மாதான் நிக்குது. யாரும் அணைக்கச் சொல்லல. எல்லாரும் தேநீர்ல இருக்காங்க. உங்க சாமான் தயாரா?"

தயாராகத்தான் இருந்தது. இந்த மாதம் முழுக்க, ஒரு நாள் கிடைக்காதா என்று, காலையில் வந்ததும் கரைந்திருக்கும் காற்றை விரட்டத் தண்ணீருக்குள் நைட்ரஜனைக் குமிழவிட்டு எழுபது டிகிரியில் வைத்துவிடுவாள். ஓடினாள். நல்ல உடையோடு ஓடினாள். குவார்ட்ஸ் செல்தானா என்று இரண்டு தடவை வெளிச்சத்தில் பார்த்து மாட்டினாள். கனத்த கதவு மூடியது. நாலு முப்பத்தெட்டுக்கு முதல் அடி விழுந்தது.

நூறு அடிவரை திரையில் இரைச்சல்தான். இருநூறில் இரைச்சலுக்குள் ஒரு பள்ளம் இருக்கிறதோ என்று சந்தேகம் வந்தது. முந்நூறில் சந்தேகம் இல்லை. சரிவு மெல்ல, ஒவ்வொரு அடிக்கும் ஒரு இழை தெளிந்து, அவள் எட்டு வருஷமாகக் கண்ணை மூடினால் பார்க்கிற அதே இடத்தில் இறங்கத் தொடங்கியது. புள்ளி கோட்டில்தான் உட்காரப் போகிறது. இன்னும் எட்டு நிமிஷம். இயக்குநர், செயலாளர், மாப்பிள்ளை, ஒருவரும் அவள் மனசில் இல்லை. முப்பத்தொரு வயதில் இந்தத் தொழிலுக்கு வந்த நாளில் இருந்த சந்தோஷம் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தது.

"அழகா வருது மேடம்," என்றார் ஆபரேட்டர்.

அப்போது அரங்கத்தின் பக்கம் இருந்து கைதட்டல் கேட்டது. முதலில் லேசாக, பிறகு நன்றாக. நடுவில் யாரோ சீழ்க்கைகூட அடித்தார்கள். அவள் தலை தானாகத் திரும்பியது. நாற்காலியில் நெளிந்தாள். திரையைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். கைதட்டல் நிற்பதாக இல்லை. எழுந்துவிட்டாள்.

"எங்க மேடம்? விஞ்ஞானி இல்லாம நான் ஓட்டக் கூடாது. நிறுத்தினா மறுபடி சூடேற அரைமணி ஆகும். ஐஞ்சு மணிக்கு மூடிடுவாங்க. ஏழு நிமிஷம்தான், இருங்க."

"ஒரே நிமிஷம்," என்றாள் அவள், கதவுப் பிடியில் கை வைத்தபடி. "அங்க அவனுக்கு இன்னும் என்ன குடுக்கறாங்கன்னு மட்டும் பாத்துட்டு வந்துடறேன்."